சீமெந்து வைத்த டிராகன்

இலங்கை மலைநாட்டில், கருங்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், மேசன் இராயப்பன் கட்டியது எதுவும் விழுந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்வதா, அவருடைய பிடிவாதத்துக்குச் சாட்சியாகச் சொல்வதா என்று தெரியவில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கிற வெள்ளைக்காரன் காலத்து லயங்களெல்லாம் சுவர் வெடித்து, தகரம் சரிந்து, எப்போது விழலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்கும். அவற்றின் பின்னால் இராயப்பன் கட்டிக்கொடுத்த கக்கூஸ்கள் மட்டும் கோட்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும். "மழை பலத்தா வீட்ட விட்டுப்புட்டு கக்கூசுக்குள்ள போய் படுத்துக்கலாம்" என்று நோர்வூட் கடைத்தெரு வரைக்கும் கேலி பேசுவார்கள். இராயப்பன் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை. பாராட்டு என்றே நினைத்துக்கொண்டார்.

அவர் பிறந்தது வட்டவளைப் பக்கம் ஒரு லயத்தில். அப்பா தேயிலை மலையில் தண்ணீர் வடிகிற கான் வெட்டுகிறவர். பதினைந்து வயதில் கருங்காட்டுக்கு வந்து, தேயிலை ஃபெக்டரியைப் பெருப்பித்தபோது சாந்துச் சட்டி சுமந்தார். கட்டுகிறவர்களின் கையைப் பார்த்துப் பார்த்தே கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார். முப்பது வயதுக்குள் தோட்டத்துக்கே மேசன் ஆகிவிட்டார். தோட்டத்தை நடத்துகிற பெரியதுரை முதல் கங்காணி வரை, மேசனைச் சிங்களத்தில் கூப்பிடுகிற மாதிரி அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டு விஷயங்களில் மனுஷன் அசையமாட்டார். ஒன்று, உள்ளே பொள்ளலான கல்லை வைக்கமாட்டார். ஒவ்வொரு கல்லையும் காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்றால் தூக்கி எறிந்துவிடுவார். இரண்டு, சாந்தில்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கமாட்டார். இதற்குக் காரணம் உண்டு. எழுபத்து நான்காம் வருஷம், பாணுக்கும் மாவுக்கும் ஆலாய்ப் பறந்த அந்தப் பஞ்ச வருஷத்தில், பக்கத்துத் தோட்டத்தில் வெறுங்கல்லாய் அடுக்கியிருந்த அணைச்சுவர் ஒன்று லயத்து அடுப்படியில் சரிந்தது. ஓடிப்போய்த் தோண்டியவர்களில் இராயப்பனும் ஒருவர். மீனம்மா என்ற பெண்ணை உயிரோடுதான் எடுத்தார்கள். கால் ஒன்று போய்விட்டது. அந்தப் பெண் கத்தாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு வெகுநாள் தூக்கத்தைக் கெடுத்தது.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லவேண்டும். எடுத்த வேலையை முடிக்காமல் அவரால் இருக்க முடியாது. இந்த நல்ல குணம்தான் கடைசியில் அவருடைய குடியைக் கெடுக்கப் பார்த்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் இராயப்பனுக்கும் மனைவி மார்கிரட்டுக்கும் இந்தியப் பாஸ்போட் வந்து சேர்ந்தது. நாடில்லாத தோட்டத்துக்காரர்கள் ஏதாவது ஒரு நாட்டைக் கேட்கவேண்டியிருந்த காலத்தில், பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டது அது. அண்ணன் கஸ்பர், "எல்லாரும் ஒண்ணாப் போயிருவோம்டா" என்று சொன்னதால் இராயப்பனும் கைநாட்டு வைத்தார். அண்ணன் எழுபத்தாறிலேயே கப்பலேறிப் போய், ஒரே ஒரு கடிதம் போட்டு, அங்கேயே செத்தும் போய்விட்டார். இராயப்பன் அந்தப் பேப்பரையே மறந்துவிட்டார். பேப்பர் அவரை மறக்கவில்லை. தை மாதக் கடைசிக்குள் தலைமன்னாரில் கப்பலேற வேண்டும் என்று அதில் இருந்தது.

அதே வருஷம் ஆடிக் கலவரத்தில் மலைநாட்டு டவுன்களில் தமிழர் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள், போவதே நல்லது என்று தாங்களாகவே பெட்டி கட்டினார்கள். மார்கிரட் கட்டவில்லை. அவர்களுடைய ஒரே மகள் சுகிர்தம் அதே தோட்டத்தில் மேல்கணக்கு என்கிற மேல்பிரிவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் இலங்கைப் பிரஜை. அவளுக்கும் அவன் வழியாக இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அவளுக்கு இதற்குமுன் இரண்டு பிள்ளைகள் பிறந்த கையோடு போய்விட்டன. மூன்றாவதை இப்போது சுமந்துகொண்டிருந்தாள். வைகாசியில் பிறக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"என்னங்க, தையில கப்பலேறச் சொல்றாங்க, வைகாசியில புள்ளப்பேறு" என்றாள் மார்கிரட். "அவளப் போட்டுட்டு நான் ஏறமாட்டேன். என்னையத் தூக்கித்தான் கப்பல்ல போடணும்."

பிரயாணத்தைத் தள்ளிப்போட ஒரே வழிதான் இருந்தது. இந்த ஆளின் வேலை தோட்டத்துக்கு அவசியம் என்று, ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற கண்டி ஆபீசுக்குப் பெரியதுரை ஒரு கடிதம் எழுதவேண்டும். இராயப்பன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

பெரியதுரை சிங்களவர், தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபிறகு வந்தவர். சட்டம் என்றால் சட்டம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார், ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவார்.

"பாஸ், நான் பொய் எழுத மாட்டேன். முடியாத வேலை இருந்தால் எழுதலாம். சொல்லு, இந்தத் தோட்டத்தில நீ முடிக்காத வேலை இருக்கா?"

"இல்லீங்க தொர. எல்லாத்தயும் முடிச்சிட்டேனுங்க" என்றார் இராயப்பன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவருக்கு உறைத்தது. முப்பது வருஷமாக ஒரு வாசற்படியையாவது பாதியில் விட்டுவைக்கத் தெரியாத முட்டாள் இந்த உலகத்தில் தான் ஒருவன்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தார். துரை அடுத்த பேப்பரை எடுத்துவிட்டார்.

அவர் ஆபீசுப் படியில் உட்கார்ந்திருந்ததைத் துரையின் மனைவி துரைசானி அம்மா கண்டிருக்கவேண்டும். மறுவாரமே பங்களாவிலிருந்து ஆள் வந்தது. பங்களாவின் கண்ணாடி வராந்தாவில் ஆறு பெட்டி திறந்து கிடந்தது. பெட்டி நிறையப் பிளாஸ்டிக் கட்டிகள். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. விரல் நீளத்தில் சின்னச் சின்னக் கற்கள், தலையில் குமிழ் வைத்தவை. ஒன்றின் குமிழில் இன்னொன்றைப் பொருத்தி அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். துரைமார் பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற பொம்மைக்கல். ஐந்து பங்களாக்களிலிருந்து இரவல் வாங்கி, தன் மகனுடையதையும் சேர்த்துத் துரைசானி குவித்துவைத்திருந்தார். மகன் கண்டியில் போர்டிங்கில் இருந்து படிக்கிறான், அவனுக்கு இதெல்லாம் சலித்துவிட்டது.

"துரைமார் கிளப்பில நத்தார் விருந்து, பாஸ். பிள்ளைகள் பார்க்க இது வேணும்" என்று ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். அதில் சிறகு விரித்து, வால் சுருட்டி, வாயைத் திறந்துகொண்டு ஒரு டிராகன் நின்றது. "ஆள் உயரம் வேணும். நல்லாச் செய்தால் உங்கட கடிதம் பற்றி நான் துரையிட்டச் சொல்றேன்."

இராயப்பனுக்குப் படத்தைப் பார்த்ததும் பகீர் என்றது. கோயிலில் மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதரின் காலுக்குக் கீழே கிடக்கிற அதே பிராணி. யேசு பாலன் பிறக்கிற நாளில் சாத்தானைக் கட்டச் சொல்கிறார்களே என்று ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு சுகிர்தத்தின் முகம் நினைவுக்கு வந்தது. மிக்கேல் சம்மனசு தன்னைப் புரிந்துகொள்ளும் என்று சிலுவை போட்டுக்கொண்டு முதல் கட்டியை எடுத்தார்.

எடுத்தவர் வழக்கம்போல் அதைத் தட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. சுத்தப் பொள்ளல்.

"என்னய்யா கல்லு இது!" என்று பங்களாவில் சமைக்கிற அழகன் அப்புவிடம் காட்டினார். "வெறும் தோலு. இதுல கட்டச் சொல்றாங்களே."

"வெளையாட்டுச் சாமான் தானே, வச்சு அமுக்குங்க" என்றார் அழகன் அப்பு, கையில் வெங்காயத்தோடு.

நான்கு நாள் வைத்து அமுக்கினார். சுவர் கட்டுகிற மாதிரி மூட்டுக்கு மூட்டு மாற்றி வைத்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, கால்களையும் வயிற்றையும் எழுப்பினார். கழுத்து வளைந்து மேலே போனபோது அவருக்கே ஆசையாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் சிறகை ஏற்றிவிட்டு இரண்டு எட்டு பின்னால் வந்தார். சிறகு மடாரென்று விழுந்தது. கூடவே கழுத்தும் சரிந்து, தலை அவர் காலடிக்கு உருண்டு வந்தது.

அவர் கட்டிய ஒன்று விழுந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவை. அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குக் கீழே கிளப்புப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பதாக நினைத்துப் பார்த்தார். மீனம்மாவின் கண் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. இஸ்டோருக்குப் போய் அரை மூட்டை சீமெந்து வாங்கி வந்து, ஆற்றுமணலை மாவு சலிக்கிற அரிப்பில் சலித்து, கூழாகக் கரைத்தார். ஒவ்வொரு கட்டியின் வயிற்றையும் சீமெந்தால் நிரப்பி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து அமுக்கி, பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பொட்டுச் சாந்து தெரியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

துரைசானி வந்து பார்த்து, கைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆள் உயர டிராகன், சிவப்பு உடம்பும் மஞ்சள் சிறகுமாக. "ஐயோ பாஸ், இது சாமான் இல்ல, உயிர்!" என்றார். இராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

கிளப்புக்கு ஏற்றும்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். இரண்டு பேர் தூக்கலாம் என்று வந்து, நான்கு பேர் திணறி, கடைசியில் எட்டுப்பேர் பலகை போட்டு உருட்டி லொறியில் ஏற்றினார்கள். பெரியதுரை மட்டும் கொஞ்சம் புருவத்தை உயர்த்தினார். கிளப்பில் பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடின. ஒரு பயல் முதுகில் ஏறிக் குதித்தான். அசையவில்லை. வாசற்படியில் நின்ற இராயப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. கடிதம் கைக்கு வந்த மாதிரியே இருந்தது.

கேக் வெட்டி முடிந்ததும் பங்களா அம்மாமார் பெட்டிகளோடு வந்தார்கள். "வாங்க பிள்ளைகளே, பிரிச்சு அவங்கவங்க கட்டியை எடுத்துக்கொள்ளுங்க" என்று அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே வாலின் நுனியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ஒரு துரை வந்து இழுத்தார். இன்னொருவர் சிறகை முறுக்கினார். ஒரு சிறுமி வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

இராயப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. இது பிரிப்பதற்காகவே செய்த கல். கட்டுவதும் கலைப்பதும் மறுபடி கட்டுவதும்தான் இதன் வேலை. விழுவதற்காகவே ஒரு கல்லை மனுஷர் செய்வார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தொன்பது வயது வரைக்கும் அவர் கையில் யாரும் ஒரு விளையாட்டுச் சாமான் கொடுத்ததில்லை. அவர் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அந்தக் குளிரில், கோட்டுக்குள்ளே, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது.

பெரியதுரை குனிந்து, பேனாக்கத்தியால் மூட்டைச் சுரண்டினார். கத்திமுனையில் சாம்பல் நிறத்தில் தூள் வந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"மொகத்த மே? என்ன இது, சீமெந்தா?" என்றார். குரல் எழும்பவே இல்லை. சுற்றிலும் நின்ற ஐந்து பங்களாக்காரர்களும் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள். துரைசானி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"விழுந்துரும்னு பயந்தேனுங்க தொர" என்றார் இராயப்பன்.

மறுநாள் காலை பங்களா வராந்தாவில் நடந்ததை அழகன் அப்பு பல வருஷம் நடித்துக் காட்டுவார். டிராகன் நடுவில் நிற்கிறது. துரை அதைச் சுற்றி நடக்கிறார், கத்துகிறார். ஐந்து வீட்டாருடைய சாமான், ஐந்து வீட்டுக்கும் பதில் சொல்லவேண்டியவர் அவர். "ஒவ்வொரு கட்டியும் பழைய மாதிரி சுத்தமாய் வரவேணும். எல்லாம் கழட்டி முடிக்கும் வரைக்கும் நீ தோட்டத்தை விட்டு அசையக் கூடாது! ஹட்டனுக்கும் போகக் கூடாது! இந்தியாவுக்கும் போகக் கூடாது!"

கடைசி வார்த்தையில் துரை சட்டென்று நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி. இராயப்பனும் தலையை நிமிர்த்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் டிராகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

துரை தொண்டையைச் செருமினார். பெரிய கிளாக்கர் பொன்னையாவுக்கு ஆள் அனுப்பினார். இராயப்பன் என்ற மேசன் பங்களாவில் விசேஷமான ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார், அது முடியவில்லை, வேறு யாராலும் முடிக்கவும் முடியாது, அது முடியும்வரை அவர் இங்கே தேவை என்று அங்கேயே நின்றபடி சொல்லி எழுதுவித்தார். அதில் ஒரு சொல் பொய் இல்லை. தை பிறக்குமுன் பதில் வந்தது. வேலை முடியும்வரை இருக்கலாம், இடையில் அதிகாரி வந்து பார்வையிடுவார்.

மார்கிரட் அந்தப் பதிலை மாதா படத்துக்குக் கீழே செருகிவைத்துவிட்டு, புருஷனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மெதுவாச் செய்யுங்க" என்றாள். "ஒரு நாளைக்கி ஒரு கல்லு. ஆத்தா மேல ஆணை, ஒரு கல்லுக்கு மேல தொடாதீங்க."

பாவம், அந்த மனுஷனுக்கு அதுதான் வரவில்லை. முதல் வாரம் முயற்சி செய்து பார்த்தார். ஒரு கட்டியை எடுத்து ஆணியால் சுரண்டி, வினாகிரியில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கை அரித்தது. பாதியில் நிற்கிற வேலை கண்ணை உறுத்தியது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று எடுப்பார். சாயந்திரம் பார்த்தால் ஒரு வரி முழுக்கக் கழன்றிருக்கும். வீட்டுக்குப் போய் மார்கிரட்டிடம் திட்டு வாங்குவார். அந்தச் சிவப்பு மிருகம் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. மாசியில் ஒரு சிறகு போயிற்று. சித்திரையில் தலை போயிற்று. இரவல் வாங்கிய ஐந்து வீட்டுக் கட்டிகளும் பளபளவென்று திரும்பிப் போய்விட்டன. துரை தினமும் காலையில் வராந்தாவைக் கடந்து போவார். ஒன்றும் சொல்லமாட்டார். சில நாள், தேவையில்லாத இடத்தில் ஒரு கதவு நிலையைப் பார்க்கச் சொல்லி இராயப்பனை ஃபெக்டரிக்கு அனுப்பிவிடுவார். இராயப்பன் அரை நாளில் அதையும் முடித்துக்கொண்டு வந்து நிற்பார். துரை பெருமூச்சு விடுவார்.

வைகாசியில் சுகிர்தத்துக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மூன்று நாள் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை, பயம். நான்காம் நாள் பிள்ளை பசியில் லயமே அதிரக் கத்தியது. இராயப்பன் வெளியே வந்து, தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி விக்கி விக்கி அழுதார். பூரணி என்று பெயர் வைத்தார்கள். தூக்கிக்கொண்டு வந்தால் பிள்ளை தாத்தாவின் விரலை விடாது. போன மாதம் வரைக்கும் பேறு முடியட்டும், போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மார்கிரட், இப்போது கப்பல் என்ற சொல்லையே வீட்டில் எடுக்க விடவில்லை.

ஆடி பதினேழாம் தேதி கண்டியிலிருந்து அதிகாரி வருகிறார் என்று பொன்னையா கிளாக்கர் சொல்லியனுப்பினார். செய்தி வந்த அன்றைக்கு டிராகனில் மிச்சமிருந்தது ஒரு பின்னங்காலும் வாலில் ஒரு சாணும் மட்டும். எல்லாம் துரை மகனுடைய கட்டிகள். இராயப்பன் அதைத் தொடாமல் மூன்று நாள் வைராக்கியமாக இருந்தார். பதினாறாம் தேதி மத்தியானம் அவருக்கே தெரியாமல் கை போய்விட்டது. விழித்துப் பார்த்தபோது ஒரே ஒரு கட்டி, பாதத்தின் கடைசிக் கட்டி, தரையில் இருந்தது. மற்றதெல்லாம் கழுவிப் பெட்டிக்குள் அடுக்கியாகிவிட்டது. அவரேதான் அடுக்கியிருந்தார்.

எழுந்து போய் வராந்தாப் படியில் உட்கார்ந்தார். "நான் ஒரு மனுஷனா?" என்று அழகன் அப்புவைக் கேட்டார். "சொந்தக் கையாலயே குடும்பத்தக் கப்பலேத்திப்புட்டேனே. ஒரு காலையாச்சும் விட்டு வைக்கக் கூடாதா?" சாப்பாட்டு அறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த துரை, கோப்பையை வைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னபோது மார்கிரட் திட்டவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. பேசாமல் எழுந்துபோய்த் தகரப் பெட்டியை இறக்கி, துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் விடிந்து, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு கலைந்ததும் இராயப்பன் பங்களாவுக்குப் போனார். அந்தக் கடைசிக் கட்டியையும் முடித்துவிட்டு, அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்றுதான் போனார். கண்ணாடிக் கதவைத் திறந்தவர் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

வராந்தாவில் ஒன்று நின்றது. இடுப்பு உயரம். நாலு கால் மாதிரி ஏதோ இருந்தது, ஒன்று குட்டை, மூன்று நெட்டை. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் கண்டபடி கலந்திருந்தன. தலை இருக்கவேண்டிய இடத்தில் வால் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மூட்டெல்லாம் நேருக்கு நேர். ஒவ்வொரு வரியிலும் சீமெந்து வழிந்து, தரையெல்லாம் சொட்டி, பளிங்குத் தரை நாறிப் போய்க் கிடந்தது. நேற்று அவர் கழுவி அடுக்கிய பெட்டி காலியாக இருந்தது.

சாத்தான் வேலை என்று இராயப்பன் சிலுவை போட்டார். அடுத்த நொடி அவருக்குள் இருந்த மேசன் விழித்துக்கொண்டான். யார் இவ்வளவு கேவலமாகக் கட்டியது? தூக்குக்குண்டு இல்லை, மட்டம் இல்லை, சாந்தில் தண்ணீர் அதிகம். கோபத்தில் முகம் சிவந்தது.

அப்போது அழகன் அப்பு குசினியிலிருந்து வந்தார். "பாஸ், என் சோத்துக் கரண்டியக் காணோம். நேத்து அந்தியில அலமாரியிலதான் வச்சிருந்தேன்" என்றவர், மிருகத்தின் வயிற்றுப் பக்கம் பார்த்து அப்படியே நின்றார். இரண்டு கட்டிகளுக்கு நடுவே, சீமெந்தில் புதைந்து, கரண்டியின் காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே கதவு திறந்தது. பெரியதுரை வந்தார். வழக்கம்போல் இஸ்திரி போட்ட அரைக்காற்சட்டை, நீளக் காலுறை. ஆனால் சப்பாத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு காய்ந்திருந்தது. வலது கை நகங்களுக்குள்ளும் அதே சாம்பல். பொய் எழுத மாட்டேன் என்ற மனுஷர் அவர். பொய் எழுதாமலிருக்க, ராத்திரியில் தனியே உட்கார்ந்து, தன் மகனின் கட்டிகளுக்குத் தன் கையாலேயே சீமெந்து வைத்திருக்கிறார். இருபது வருஷம் இராயப்பன் துரைமாருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஒரு துரை தனக்காக ஒரு கல் வைப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பார்.

"என்ன பார்க்கிறது?" என்றார் துரை, அவர் முகத்தைப் பார்க்காமல். "வேலை முடியல்ல தானே?"

இராயப்பனுக்குப் பதில் வருமுன் வாசலில் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி ஒல்லியான சிங்களவர், கண்ணாடி போட்டவர். துரையோடு சிங்களத்தில் பேசிக்கொண்டே வராந்தாவுக்குள் வந்து அந்தப் பிராணியைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

"இதுவா அந்த விசேஷமான வேலை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இதுதான்" என்றார் துரை. "சீமெந்து வைத்துவிட்டார். கட்டி ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். நீங்களே பாருங்கள், எவ்வளவு மிச்சம் இருக்கிறது."

அதிகாரி சுற்றிவந்தார். குனிந்தார். பெருவிரலை ஒரு மூட்டில் வைத்து அழுத்தினார். நேற்று வைத்த சீமெந்து, அதுவும் தண்ணீர் கூடிப் போன சீமெந்து, எந்தக் குருடனுக்கும் தெரியும். அதிகாரி விரலை எடுத்தார். பெருவிரல் நுனியில் ஈரமாய், சாம்பலாய், பொட்டு மாதிரி ஒட்டியிருந்தது. அதையே பார்த்தார். பிறகு துரையின் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நிற்கிற மேசனைப் பார்த்தார்.

கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். பேனாவைத் திறந்தார்.

"வேலை முடியவில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

அன்று இராயப்பன் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தை லயத்துக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தகரப் பெட்டியிலிருந்த துணிகளை அவரே எடுத்து வெளியே போட்டார். மார்கிரட்டுக்குச் சொன்னதை நம்ப வைக்க அரை நாள் பிடித்தது.

அந்த வருஷம் முடிவதற்குள் வடக்கே சண்டை வலுத்து, தலைமன்னார்க் கப்பலே நின்றுபோயிற்று. இனி யாரும் போகவும் முடியாது, யாரும் அனுப்பவும் முடியாது. பாஸ்போட்டை மார்கிரட் அரிசிப் பானைக்குள் மூடியின் கீழே வைத்துவிட்டாள்.

எண்பத்தாறில் துரைக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய அன்று இராயப்பன் பூரணியைத் தோளில் வைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். லொறி புறப்படுகிற நேரம். கண்ணாடி வராந்தாவின் மூலையில் அந்தக் கோணல் பிராணி, இராயப்பன் ஒரு கட்டியையும் கழற்றாமல் விட்டபடியே, இன்னும் நின்றது, வயிற்றில் சோத்துக் கரண்டியோடு. பூரணி அதன் வாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

துரை காரில் ஏறப்போனவர் திரும்பினார். பிள்ளையைப் பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"பாஸ், அந்த வேலை முடிஞ்சுதா?"

இராயப்பனுக்குக் கண் கலங்கியது. முடிக்காமல் விட்ட வேலை அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

"இல்லீங்க தொர" என்றார். "இன்னும் முடியலீங்க."